மணிச்சத்து நகராது

பிப்ரவரி 2

காலை ஓதுதல் முடிந்து, மறைநூலை மூடிக் கண்ணாடியைக் கழற்றும் நேரத்தில் தம்பி வந்தான். செருப்பைக் கழற்றவில்லை. வாசற்படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்றுகொண்டு, "அண்ணே, நிலத்தைப் பிரிச்சுக்கலாம்" என்றான்.

தந்தை விட்டுச் சென்ற எட்டு ஏக்கர். இத்தனை காலமும் சேர்ந்தே பயிரிட்டோம். பருத்தி ஒரே வண்டியில் ஏறியது. வந்தது சரிபாதியாகப் பிரிந்தது. இருவர் தலையும் நரைத்த பிறகு இப்போது ஏன் என்று கேட்டேன்.

"சேர்ந்திருந்தா வருஷா வருஷம் சண்டை. பிரிஞ்சா ஒரே சண்டையோட முடிஞ்சிடும்ல?"

இல்லாள் உள்ளிருந்து, "வாசல்ல நின்னு பேசுற பேச்சா இது? உள்ள வாங்க தம்பி, டீ வைக்கிறேன்" என்றாள்.

"வேண்டாம் அண்ணி. உங்க டீயைக் குடிச்சா மனசு மாறிடும்."

சிரித்துக்கொண்டே போனான். அவன் சிரிப்பைக் கேட்டு இளகாத மனிதர் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

பிப்ரவரி 3

எங்கள் வீட்டில் பங்கீட்டுக்குத் தந்தை வகுத்த முறை ஒன்று உண்டு. ரொட்டியானாலும் போர்வையானாலும் மூத்தவன் இரண்டாக்க வேண்டும். இளையவன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வான். எடுப்பவன் வேறொருவன் ஆகையால் பிரிப்பவன் நேர்மையாகப் பிரிப்பான் என்பது அவர் கணக்கு. அறிவுள்ள கணக்குத்தான். ஆனால் அந்தக் கணக்கின்படி, வாழ்நாள் முழுவதும் மீந்ததை எடுத்தவன் நான். அதை அவர் ஒருநாளாவது எண்ணிப் பார்த்தாரா?

நிலத்தையும் அவ்வாறே பிரிப்பது என்று முடிவாயிற்று. கோடு போடுவது என் வேலை.

கோடு ஏற்கெனவே இருக்கிறது. உரம் இடும் முறையில் இருவருக்கும் ஒத்துவராமல், பல ஆண்டுகளுக்கு முன்பே மேற்குப் பாதியை என் விருப்பத்துக்கும் கிழக்குப் பாதியை அவன் விருப்பத்துக்கும் விட்டுவிட்டோம்.

பாஸ்பரஸ் என்கிறார்களே, அந்த மணிச்சத்தின் குணம் விசித்திரமானது. தழைச்சத்து நீரோடு கரைந்து ஓடும், மணிச்சத்து நகராது. இட்ட இடத்திலேயே கிடக்கும். வேர்தான் அதைத் தேடிச் செல்ல வேண்டும். போதாக்குறைக்கு எங்கள் மண்ணில் சுண்ணாம்பு மிகுதி. தன்னைத் தொட்ட மணிச்சத்தை அது இறுகக் கட்டிப்போட்டுவிடும். ஆகவே நான் அதைத் தூவுவதில்லை. விதைக்கும் கருவியின் தனிக் குழாய் வழியாக, விதைக்கு மூன்று விரற்கடை பக்கவாட்டில் தள்ளி, மூன்று விரற்கடை கீழே, அடியுரமாக ஒரே கோட்டில் இடுவேன். விதையோடு ஒட்டி விழுந்தால் முளை கருகும். எட்டிப் போனால் இளவேருக்கு எட்டாது. ஆழ உழுது அதைக் கலைப்பதும் இல்லை. நிலத்தின் இரு முனையிலும் நட்டிருக்கும் கற்களைப் பார்த்து, ஆண்டுதோறும் அதே கோட்டில் கருவியை ஓட்டுவிப்பேன்.

தம்பி வீசுவான். கூடையை இடுப்பில் அணைத்து, அரைவட்டமாகக் கை சுழற்றி வீசுவான். அழகாகவே இருக்கும், அதை மறுக்கமாட்டேன். "நீ பிள்ளைக்கு மருந்து ஊட்டுற மாதிரி ஊட்டுற. நான் பந்தி போடுறேன்" என்பான்.

மழையும் வாய்க்கால் நீரும் தவறாத ஆண்டுகளில் மேல்மண் ஈரம் காயாது. வேர் மேலேயே மேய்ந்துவிடும். இரு பாதியும் ஒன்றுபோல் விளைந்தன. பருத்தியும் ஒரே குவியலில் கலந்தது. எந்தப் பாதி சிறந்தது என்பதை எவரும் அறிய வழியில்லை.

நான் அறிவேன்.

பிப்ரவரி 9

கோடு போட்டாயிற்று. தெற்கு வடக்காகக் கயிறு கட்டி முளை அடித்தேன். தம்பி வரப்பில் குந்தியிருந்து பார்த்தான். "ஏண்ணே, முழத்துக்கு முழம் எச்சில் தொட்டு அளக்குற?" என்றான்.

எனக்கு மேற்கு வேண்டும். இந்தத் தாளிலாவது மறைக்காமல் எழுதுகிறேன்: எனக்கு மேற்கு வேண்டும். இன்று வழிபாட்டில் அதையே கேட்டேன். மண்ணையும் பொன்னையும் இறைவனிடம் கேட்பது சிறுமை என்று வழிபாட்டுக்கூடத்தில் பிறருக்கு உரை செய்பவன் நான்.

பிப்ரவரி 17

தம்பி கண்ணை மூடிக்கொண்டு எடுக்கமாட்டானாம். மண்ணைச் சோதித்துப் பார்த்துத்தான் எடுப்பானாம். சோதனைக்கூடத்திலிருந்து ஆய்வாளர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், வேலையில் அக்கறை உண்டு. ஆங்காங்கே ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைச் சீவியெடுத்து வாளியில் கலந்தார்.

மேற்கில், போன பருவத்துக் கட்டைகள் நின்ற வரிசைகளை விட்டுவிட்டு, இடையிலிருந்த சுத்தமான மண்ணாகப் பார்த்து எடுத்தார். என் கோடுகளுக்கு நடுவே. ஒன்றுகூடக் கோட்டின்மேல் விழவில்லை. கிழக்கில் எங்கே எடுத்தாலென்ன? அங்கேதான் எல்லா இடத்திலும் வீசப்பட்டு, மேலாகவே படிந்து கிடக்கிறதே.

நான் அருகில் நின்றேன். வாளியைத் தூக்கும்போது அவர், "நிலத்தைப் பத்தி ஏதாவது சொல்லணுமாங்கய்யா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

பிப்ரவரி 26

முடிவு வந்துவிட்டது. கிழக்கு: மணிச்சத்து மிகுதி. மேற்கு: மணிச்சத்து குறைவு.

தம்பி அதை வழிபாட்டுக்கூடத்து முற்றத்தில் வைத்துப் பிரித்தான். மாலைக் கூட்டம் முடிந்து அனைவரும் வெளியேறும் நேரம் பார்த்து.

"அண்ணே, இத்தனை வருஷம் குழாய் வச்சுக் குழாய் வச்சுப் புதைச்சியே, எல்லாம் எங்க போச்சு? பாதாளத்துல யாராவது பருத்தி போட்டிருக்காங்களா?"

சிரித்தார்கள். தச்சர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சற்று முன்புதான் என் உரையைக் கேட்டுக் கண் கசிந்தவர். "பெரியவருக்கு எல்லாமே ஆழம்" என்று வேறு ஒருவர் எடுத்துக்கொடுத்தார்.

நான் புன்னகை செய்தேன். வீடு வந்து சேரும்வரை அந்தப் புன்னகையை இறக்கி வைக்க இடம் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 27

கிழக்கைத்தான் எடுப்பான். கேட்டது கிடைக்கப்போகிறது. பிறகு ஏன் இன்று காலை ஓதுவதற்கு வாய் வரவில்லை?

மார்ச் 1

முறைப்படி இன்று ஓத வேண்டிய பகுதி வாய்மையைப் பற்றியது. நானாகத் தேர்ந்ததல்ல, வரிசையில் வந்தது. அறிந்ததை மறைப்பவனும் பொய்யனே என்னும் பொருள்பட வரும் வரியில் கண் நின்றுவிட்டது. 

நாளை அவனிடம் சொல்வேன். மேற்கு போனால் போகட்டும்.

போகட்டும் என்று எழுதும்போது கை நடுங்கவில்லை என்பதையும் குறித்துவைக்கிறேன். ஏன் நடுங்கவில்லை?

மார்ச் 2

சொல்லிவிட்டேன்.

தம்பி வீட்டு முன்னறை. அவன் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மகள் தரையில் அமர்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாய்மையில் தொடங்கினேன். உடன்பிறந்தார் ஒருவருக்கொருவர் மறைப்பது எத்தகைய இழிவு என்பதற்கு மறையிலிருந்து சான்று சொன்னேன். பங்கீட்டில் வஞ்சித்தவர் குடி என்ன ஆகும் என்பதற்குப் பழம்பாடல்களை எடுத்துக்காட்டினேன். கூடத்தில் பேசுவதுபோலவே பேசினேன். எனக்கு வேறு விதமாகப் பேச வராது.

"அண்ணே, விஷயத்துக்கு வா. அடுப்புல உலை வத்துது."

பிறகு சொன்னேன். மேற்கில் மண் எடுத்தது கோடுகளுக்கு நடுவே. மணிச்சத்து கோட்டில் கிடக்கிறது. கிழக்கில் இருப்பதெல்லாம் மேல்மண்ணில். ஒரு பருவம் மழை பொய்த்து மேல்மண் காய்ந்தால் அது இருந்தும் இல்லாததுதான். மேற்குதான் நல்ல பாதி.

 தம்பியின் வழக்கமான சிரிப்பு.

"அப்போ உனக்குக் கிழக்கு வேணும்."

"எனக்கு மேற்குதான்டா வேணும்."

"மேற்கு வேணும்கிறவன் மேற்கு நல்லாருக்குன்னு என்கிட்ட வந்து சொல்லுவானா? நான் மேற்கை எடுத்தா, நீ கிழக்கைத் தட்டிக்கிட்டுப் போயிடுவ. அண்ணே, நீ சாமி பேரைச் சொல்லி ஆரம்பிச்சாலே நான் என் சட்டைப்பையைத் தொட்டுப் பாத்துக்குவேன்."

மகள் தலை நிமிர்ந்தாள். "அப்பா, பெரியப்பா சொல்றதுல..."

"நீ துணியை மடி."

நான் எழுந்தேன். "நம்புறதும் நம்பாததும் உன் இஷ்டம்" என்றேன். என் குரலில் கோபம் இருந்தது என்று அவன் மனைவி நினைத்திருப்பாள். கோபம் அல்ல. தெருவில் இறங்கி நடந்தபோதுதான் அது என்னவென்று தெரிந்தது. இலேசாக இருந்தேன். கையில் இருந்த சுமையை இறக்கிவிட்டு, இறக்கிய இடத்திலேயே அதைத் திரும்பவும் பெற்றுக்கொண்டவனைப்போல இலேசாக இருந்தேன்.

மார்ச் 3

நடந்ததை இல்லாளிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் கத்தியை வைத்தாள்.

"கோட்டுக்குக் குறுக்கே வெட்டி இன்னொரு தடவை மண்ணு எடுக்கச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்."

"எப்படிச் சொன்னீங்கன்னு இங்க இருந்தே எனக்குக் கேக்குது. நீங்க குடையை எடுத்துட்டுப் போடான்னா அவர் நனைஞ்சுக்கிட்டே போற ஆளு. பொறந்ததுலேர்ந்து அப்படித்தான். உங்களுக்குத் தெரியாதா அது?"

தெரியாது என்று சொல்லியிருப்பேன். நேற்று முன்தினம் வாய்மையைப் பற்றி ஓதியிராவிட்டால்.

மார்ச் 8

பத்திரம் பதிவாயிற்று. கிழக்கு அவனுக்கு. மேற்கு எனக்கு. வெளியே வந்ததும் அவன் எனக்கு ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுத்தான். "மனசுல வச்சுக்காதண்ணே" என்றான். தோற்றவனுக்குச் சொல்லும் ஆறுதலாக.

குடித்தேன்.

ஜூலை 11

நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்ததும் விதைத்தோம். ஒரே நாளில் இருவரும், வேறு வேறாக. என் பக்கம் கருவி கற்களைப் பார்த்து நேராக ஓடியது. நான் பின்னால் நடந்து, இரண்டோர் இடத்தில் மண்ணைக் கிளறி, குழாய் சரியான ஆழத்தில் உரத்தை விடுகிறதா என்று பார்த்தேன். அந்தப் பக்கம் தம்பி கூடையும் கையுமாக. எழுபதை நெருங்குபவனின் தோளா அது!

புதிய வரப்புக்கு அப்பாலிருந்து கூவினான்: "அண்ணே, பாதாளத்துக்கு என் வணக்கத்தைச் சொல்லு!"

பழம்பாடல்களில் பருத்தி நூற்கும் பெண்கள் வருகிறார்கள். பருத்திக்கு அடியுரம் இட்ட ஒருவனும் வருவதில்லை. வந்திருந்தால் அவனுக்கும் ஒரு தம்பி இருந்திருப்பான்.

ஆகஸ்ட் 6

விதைப்புக்குப் பின் மழை இல்லை.

ஆகஸ்ட் 14

வாய்க்காலில் மதகு வேலையாம். இந்தப் பருவம் நீர் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். இரண்டும் ஒரே ஆண்டில். இப்படித்தான் வரும்.

மேல்மண் ஒரு விரல் ஆழத்துக்குப் புழுதி. அதன்கீழ் இன்னும் குளிர்ச்சி இருக்கிறது. என் செடிகள் வாடுகின்றன, ஆயினும் வளர்கின்றன. அவன் செடிகள் வளரவில்லை. முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டன. இலை வெளிறியிருந்தால் பார்ப்பவருக்கு நோய் புரியும். மணிச்சத்துப் பஞ்சத்தில் இலை கறுத்த பச்சையாகும், ஓரத்தில் ஊதா ஏறும். தொலைவிலிருந்து பார்த்தால் செழிப்பு. வழிப்போக்கர் ஒருவர், "தம்பி பக்கந்தான் பச்சை அதிகமா தெரியுது" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 21

அவன் மீண்டும் வீசினான். நிற்கும் பயிர்மேல், காய்ந்த புழுதிமேல், இன்னும் இரண்டு மூட்டை சூப்பர் பாஸ்பேட் உரம்.

வரப்பருகே சிதறி என் பக்கம் விழுந்தவற்றைக் காலையில் பார்த்தேன். சாம்பல் நிற மணிகள். கரையவில்லை, மாறவில்லை. செருப்பின் கீழே நறநறத்தன. கொடுத்தது எதுவும் உள்ளே இறங்காத நிலத்தைப் பற்றி வெண்பா ஒன்று தொடங்கினேன். ஈற்றடி வரவில்லை, வந்திருந்தாலும் அது அவனை இகழ்வதாகவே முடிந்திருக்கும். கிழித்தேன்.

போய் ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் மூன்றாவது முறையும் வீசுவான்.

செப்டம்பர் 5

தம்பி மனைவி பின்வாசல் வழியாக வந்தாள். சமையலறையிலேயே நின்றாள்.

"மாமா, பூ கொட்டுது. காய் பிடிக்கல. நிக்கிற பயிருக்கு ஏதாவது வழி இருந்தா என்கிட்ட சொல்லுங்க. அவர்கிட்ட வேண்டாம்."

இப்போது மண்ணைக் கிளறிக் கோடு போட்டால் வேர் அறும். மிஞ்சியிருப்பது இலைவழி ஒன்றுதான். டி.ஏ.பி. உரத்தை இரவு முழுவதும் நீரில் ஊறவைக்க வேண்டும். காலையில் கசடு தங்கவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, மிகுந்த நீர் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளிக்க வேண்டும். பூக்கும்போது ஒருமுறை, காய் பிடிக்கும்போது ஒருமுறை. முழுப் பஞ்சத்துக்கு இது விருந்தாகாது, உயிர் தரிக்கும். எல்லாம் சொன்னேன்.

"இதுக்குப் பிரசங்கம் ஒண்ணும் இல்லையா?" என்று இல்லாள் கேட்டாள். தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பிறகு அப்படியே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

இல்லாளும் உதவிக்குப் போவதாக ஏற்பாடு.

செப்டம்பர் 7

கவிழ்த்துவிட்டான். இரண்டு பெண்களும் இறுத்துவைத்திருந்த டிரம்மைக் காலால் உதைத்துக் கவிழ்த்துவிட்டான்.

இல்லாள் நனைந்த சேலையோடு வரப்பில் நின்றாள். நான் ஓடினேன் – ஓடக்கூடிய வயதா? – ஓடினேன். அவன் என்னைப் பார்த்துக் கத்தினான். இத்தனை காலத்தில் அவன் சிரிக்காமல் என்னிடம் பேசியது இதுவே முதல்.

"இப்ப எதுக்கு மருந்து குடுத்து அனுப்புற? ஊரே பாக்கட்டும், அண்ணன் எவ்வளவு நல்லவன்னு, அதுக்கா?"

"டேய், அன்னைக்கே உன் வீட்டுல வந்து சொன்னேன்டா. மேற்குதான் நல்லதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. நான் நம்பமாட்டேன்னு தெரிஞ்சுதான சொன்ன!"

எனக்குப் பதில் வரல. எத்தனை பாட்டு மனப்பாடம், எத்தனை உரை – ஒரு வார்த்தை வரல.  அவன் பொண்டாட்டி அவன் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா.

இல்லாள் என்னோடு வீடு வந்து சேர்ந்தாள். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து, "சாப்பிட வாங்க" என்றாள். அவ்வளவே.

செப்டம்பர் 8

பொய் சொன்னேனா? இல்லை.

உண்மையைச் சொன்னேனா? ஆம்.

வஞ்சித்தேனா? இந்தக் கேள்விக்கு உரிய விடையை எந்த உரையாசிரியரும் எனக்காக எழுதிவைக்கவில்லை. உண்மையைக் கதவாகத் திறந்துவைக்கலாம், சுவராகவும் எழுப்பலாம். நான் மார்ச் மாதத்தில் எதை எழுப்பினேன் என்பதை அந்த அறையில் இருந்த மூவரும் பார்த்தார்கள். நான்காமவனாகிய நானும் பார்த்தேன்.

ஆனால் அவனுக்கும் பங்கு இல்லையா? ஒரு முறை, ஒரே ஒரு முறை, என்னை நம்பியிருக்கக்கூடாதா? ஏறத்தாழ எழுபது ஆண்டு அண்ணன் நான். சோதனைக்கூடத்திலிருந்து வந்தவரை ஒரு மணி நேரத்தில் நம்பினான்.

செப்டம்பர் 30

கூடத்தில் உரை செய்வதிலிருந்து விலகிக்கொண்டேன். தொண்டை சரியில்லை என்று சொன்னேன். தச்சர் தேன் கொண்டுவந்து கொடுத்தார். எல்லோரும் நம்பினார்கள். பொய் சொல்வது இவ்வளவு எளிது என்பது இந்த வயதில்தான் தெரிகிறது.

டிசம்பர் 19

முதல் எடுப்பு. வழக்கமான ஆண்டைவிடக் குறைவு. இந்த வறட்சிக்கு மிகுதி. காய்கள் நன்றாக மலர்ந்து வெடித்திருந்தன. எடுக்க வந்த பெண்கள், "ஊருலேயே இங்கதான் மடி நிறையுது பெரியவரே" என்றார்கள்.

வரப்புக்கு அப்பால் காய்கள் எலுமிச்சைப் பிஞ்சளவில் நின்றுவிட்டன. பாதி இன்னும் வாய் திறக்கவில்லை. ஆள் வைத்து எடுத்தால் கூலிக்குக் காணாது. தம்பியும் அவன் மனைவியும் தாமே எடுத்தார்கள். அவன் ஒருமுறைகூட மேற்கே திரும்பவில்லை. காலையில் மேற்குப் பார்த்தால் வெயில்கூட இல்லை, கண் கூசுகிறது என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது.

இதைத்தானே கேட்டேன்? நன்றி சொல்ல வேண்டும் அல்லவா? முழந்தாளிட்டேன். மூட்டு வலித்தது. எழுந்துவிட்டேன்.

டிசம்பர் 22

முன்புபோல் பருத்தியில் பாதியை வண்டியில் ஏற்றி அவன் வீட்டுக்கு அனுப்பினேன். இல்லாளிடமும் சொல்லாமல் அனுப்பினேன். மாலையில் வண்டி அப்படியே திரும்பி வந்தது. வண்டிக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"பிரிச்சாச்சுன்னு சொல்லச் சொன்னாருங்க."

"வேற எதுவும் சொல்லலையா?"

"மூட்டையைத் தொட்டுப் பாத்தாருங்க. நல்ல பருத்தின்னாரு. அப்புறம்தான் திருப்பச் சொன்னாரு."

மார்ச் 23

கிழக்குப் பாதியை விற்றுவிட்டான். நான் அறிந்தது தேநீர்க்கடையில், செய்தித்தாளின் மறுபுறத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து. மகளுக்கு வேலை கிடைத்த ஊருக்கே குடும்பத்தோடு போகிறார்களாம்.

மாலையில் அந்தப் பெண் விடைபெற வந்தாள். இல்லாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் சாய்வு நாற்காலியில் இருந்தேன்.

"பெரியப்பா, அப்பாகிட்ட வந்து ஒரு வார்த்தை பேசுங்களேன்."

"எந்த வார்த்தைம்மா?"

"எதாவது. மழையைப் பத்திப் பேசுங்க."

"மழையைப் பத்தியா?"

"ஆமா. மழை வரும் போலிருக்குடான்னு சொல்லுங்க. அவர் வராதும்பார். அப்படியே பேச்சு வளந்துடும்." சிரிக்க முயன்றாள். தம்பியின் சிரிப்பு அவளுக்கு இருக்கிறது.

பார்க்கலாம் என்றேன்.

மார்ச் 29

லாரி போனது. மெத்தைகளை மேலே கட்டியிருந்தார்கள். சன்னலின் உட்புறம் நின்று பார்த்தேன். மழையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஏப்ரல் 10

எழுத எதுவும் இல்லை.

ஜூன் 20

கிழக்குப் பாதியை வாங்கியவர் இன்று நிலத்துக்கு வந்திருந்தார். நெடுங்காலம் லாரி ஓட்டியவராம். பயிர்த்தொழிலுக்குப் புதியவர் என்பதை அவரே முதலில் சொல்லிவிட்டார். முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாத மனிதர். நான் என் வரப்பில் நின்றிருந்தேன். அவர் எல்லையருகே வந்து கைகூப்பினார்.

"பக்கத்து நிலம் உங்களோடதுன்னாங்கய்யா. பருத்திதான் போடலாம்னு இருக்கேன். போன வருஷம் இந்தப் பக்கம் ஒண்ணுமே வரலையாமே, மண்ணுல குறையா?"

"மண்ணுல குறையில்ல. மேல வீசாதீங்க. விதைக்குப் பக்கத்துல மூணு விரல் தள்ளி, மூணு விரல் கீழ, கோடா போடுங்க. மணிச்சத்து நகராது."

"கருவி?"

"வாடகைக்குக் கிடைக்கும். ரெண்டு குழாய் இருக்கிறதா பாத்து எடுங்க, விதைக்கு ஒண்ணு, உரத்துக்கு ஒண்ணு."

"சரிங்கய்யா."

அவ்வளவுதான். வேறு கேள்வி கேட்கவில்லை. குனிந்து, தன் மூன்று விரலைச் சேர்த்து மண்ணில் பதித்து ஆழம் பார்த்தார். நான் பேசியது மூச்சு ஒன்று விடும் நேரம் இருக்குமா? தொடக்கத்தில் மறை இல்லை, பாட்டு இல்லை, குடி கெடும் கதை இல்லை. அதற்குள் முடிந்துவிட்டது.

அவர் மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். 

"இவ்வளவுதானா விஷயம்? உங்க தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா?"

சொன்னேன் என்றேன்.

அதையும் நம்பினார்.